இருபத்தோராவது ஸ்டட்

திருப்பூர்,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி அண்ணா ரத்தினசாமி அவர்களுக்கு,

ஜெயபாரதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் காரும் சுகம். அங்கே தாங்களும் அண்ணியும், என் மகளும் மாப்பிள்ளை வேல்குமாரும் சுகமாக இருப்பீர்கள். போனில் நான் பாதி சொல்லும்போதே தாங்கள் "சரிங்க, வெச்சர்றனுங்க" என்று வைத்துவிடுவதால், இதை மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்புகிறேன்.

"ஞாயித்துக்கிழமை நான் வர்லீங்க" என்று தாங்கள் சொன்னதாக மகள் சொன்னாள். வருடத்தில் இரண்டு முறைதான் கோயம்புத்தூர் ரேஸ் ட்ராக்கில் நம்மைப் போன்றவர்கள் சொந்தக் காரை ஓட்ட விடுகிறார்கள். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் உராய்வு விசை நடத்திவிட்டு, ஓய்வுபெற்ற பிறகுதான் அதை நேரில் பார்க்கிறேன். தாங்கள் வராவிட்டாலும் போவேன். ஆனால் ஸ்டாப்வாட்ச் பிடித்து, ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

போன முறை சக்கரம் மாட்டும்போது ஒரு நட்டு பிடிக்காமல் சும்மா சுழன்றது நினைவிருக்கும். ஒவ்வொரு சக்கரத்தையும் காரோடு பிடித்து வைத்திருப்பதே, நட்டு ஏறும் அந்த ஐந்து ஸ்டட் போல்ட்தான். பன்னிரண்டு வருடப் பழசு; பிரேக் சூட்டில் வெந்து, கழற்றிக் கழற்றி மாட்டியதில் மரை தேய்ந்துவிட்டது. பொத்தானுக்கு நாலு சுற்று நூல் போட வேண்டிய இடத்தில் ஒரு சுற்று போட்ட மாதிரி. அதனால் கொஞ்சம் நீளமாக, உறுதியாக இருபது ஸ்டட் வாங்கித் தரச் சொன்னேன். தாங்கள் இருபத்தொன்று வாங்கி வந்து, "அஞ்சு பர்சண்ட் எக்ஸ்ட்ராங்க, ரிஜெக்‌ஷன் வந்தா என்ன பண்ணுவீங்க" என்றீர்கள். இது என்ன உங்கள் கம்பெனி பனியன் ஆர்டரா என்று நான் சிரித்தேன். அது என் தப்பு. பிறகு பெட்டியிலிருந்து மூன்றை மட்டும் எடுத்துப் பார்த்து, "லாட் பாஸுங்க" என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. ஆயிரம் பனியனில் ஒன்று கிழிந்திருந்தால் வாங்கியவர் திட்டுவார், அவ்வளவுதான். நாற்பது விடைத்தாளில் மூன்றைத் திருத்திவிட்டு வகுப்பு முழுக்கப் பாஸ் என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. அதனால் இருபத்தொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நல்லதற்கெல்லாம் தலைப்பக்கம் சிவப்பு மார்க்கரில் டிக். ஒன்றில் மட்டும் மயிரிழை போல விரிசல். அதற்குப் பெருக்கல் குறி. "முப்பது வருசமா ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பாக்கறவனுக்கே மார்க் போடறீங்களா டீச்சர்" என்று எழுந்து போய்விட்டீர்கள். போட்டது ஸ்டட்டுக்கு அண்ணா, உங்களுக்கு இல்லை.

நெருப்பெரிச்சல் ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஆரோக்கியராஜ்தான் பழசை எடுத்து, புதுசைச் சக்கரம் உட்காரும் ஹப்பின் பின்பக்கமிருந்து நுழைத்து இழுத்து உட்கார வைத்தார். தலை உள்ளே மறைந்துவிடும். ஒவ்வொன்றாக நானே எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே இந்த விடைத்தாள் உதாரணத்தை அவருக்கும் விளக்கினேன். "டீச்சர், கதைய பொறவு சொல்லுங்க, இப்ப ஸ்டட்டத் தாங்க" என்றார் அந்தத் தூத்துக்குடிக்காரர். விரிசல் விட்டதைக் காகிதத்தில் சுற்றிப் பேனா டப்பாவில் போட்டு மூடினேன். சேவூர் வரை ஓட்டிப்போய் வந்து, நட்டுகளை மறுபடி அளவு பார்த்து முடுக்கியாயிற்று. ஆக, இருபதும் என் கண் பார்த்தது, என் கை கொடுத்தது. ஒரு பயமும் வேண்டாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலில் ஹாரன் அடிப்பேன்.

சிவன்மலை முருகன் உங்கள் எல்லோரையும் நோய்நொடியில்லாமல் வைக்கட்டும். அண்ணியின் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஜெயபாரதி
இயற்பியல் ஆசிரியை, ஓய்வு

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடிப் பேனா டப்பாவைத் திறந்தேன். அந்த விரிசலை இன்னொரு தடவை பார்ப்போமே என்று காகிதத்தைப் பிரித்தேன். உள்ளே இருக்கும் ஸ்டட்டின் தலையில் டிக் இருக்கிறது. பெருக்கல் குறி காரில் இருக்கிறது; எந்தச் சக்கரத்தில் என்று தெரியவில்லை. காரை நகர்த்த மாட்டேன். நாளைக் காலை ஆரோக்கியராஜ் வீட்டுக்கே வந்து நான்கு சக்கரத்தையும் கழற்றுகிறார். உங்கள் அஞ்சு பர்சண்ட் கையில் இருப்பதால் ஞாயிறு உண்டு. நீங்களே வந்து பார்த்து எடுத்துக் கொடுங்கள் அண்ணா. நான் வாயே திறக்க மாட்டேன். மூன்றோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.