அகழாய்வுக் குழியில் நான் உடைத்த தேங்காய்

மனிதருக்குப் பைத்தியம் பல வகை. என் கணவருக்குக் கிரிக்கெட், மகளுக்குத் தொலைபேசி, எனக்கு உடைந்த சட்டி. எகிப்தில் ஒரு கல்லறையைத் திறந்தால், நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில் என் சோறு அடிப்பிடிக்கும். கீழடியில் பானை ஓடு கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் சமையல் இல்லை, பாண் ரொட்டிதான். (அதுவும் கடைப் பாண்.)

மற்றவர்கள் தோண்டுவதை வீடியோவில் பார்த்துப் பார்த்தே வயது போய்க்கொண்டிருந்தது. பழைய பொருள் ஒன்றை நானே, என் கையால், மண்ணுக்குள் இருந்து எடுக்கவேண்டும். ஒரு ஓட்டுத்துண்டு போதும். அந்த ஆசை நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது. அப்படியிருக்கத்தான், பிக்கரிங்குக்கு அப்பால் ஒரு வயல்வெளியில் நடக்கும் அகழாய்வில் பொதுமக்களும் சேர்ந்து தோண்டலாம் என்று அறிவித்தார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகள் பல நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஊராம். ஆளுக்கு ஒரு நாள், ஒரு சதுரக் குழி. எனக்கும் இடம் கிடைத்தது. பேக்கரி வேலைக்கு லீவு போட்டேன். காரைக் கணவர் ஓட்டினார்.

"உடைஞ்ச சட்டி பாக்கவே லீவு போட்டனீர்? எங்கடை குசினியிலை இல்லாததோ?"

"உங்களுக்கு உது விளங்காது. பேசாமல் ஓடுங்கோ."

"உதென்ன மடியிலை?"

"தேங்காய்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே காரைத் திருப்பினார். கேட்க என்ன இருக்கிறது? 401 நெடுஞ்சாலையில் ஓடப்போகும் காருக்கே தேங்காய் உடைக்கிற சனம் நாங்கள். நிலத்தைக் கீறமுன் உடைக்காமல் விடுவோமா? அதுவும் வேறொருவருடைய முன்னோரின் நிலம். அனுமதி கேட்காமல் கை வைக்கலாமா? (அகழாய்வுக் குழுவிடமும் அனுமதி கேட்கவேண்டும் என்று ஏனோ தோன்றவில்லை.)

நேரத்தோடு போய்விட்டோம். குழுவினர் தூரத்தில் கூடாரத்துக்குள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குரிய குழியை இலக்கம் பார்த்துக் கண்டுபிடித்து, சப்பாத்தைக் கழற்றி, கும்பிட்டு, கற்பூரம் கொளுத்தினேன். உடைக்கக் கல் வேண்டுமே? குழிக்குள்ளேயே ஒன்று அளவாகத் தலைநீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையாரே காட்டித்தந்த கல் என்று நினைத்து ஓங்கி ஒரே அடி. தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. நல்ல சகுனம்!

"நோ, நோ, நோ!"

பொறுப்பாளர் மேகன் ஓடிவந்தாள். முப்பது வயதுகூட இராது. அது வெறும் கல் இல்லையாம். அந்த ஊர்ச் சனம் சமைத்த அடுப்பாம். போன கிழமை முழுக்கத் தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டி அதை வெளியே கொண்டுவந்தார்களாம். அதற்குக் கீழே இருந்த கரியைக் காலக்கணிப்புக்கு அனுப்ப இருந்தார்களாம். அந்தக் கரியின் மேல்தான் என் தேங்காய்த் தண்ணீர் ஆற அமர ஊறிக்கொண்டிருந்தது. கற்பூரம் தன் பங்குக்குப் புதுக்கரியைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"வாட் இஸ் திஸ்?"

"கோக்கனட். ஃபோர் லக்," என்றேன்.

"நான் இவவின்ரை ட்றைவர் மட்டுந்தான்," என்றார் கணவர், நல்ல ஆங்கிலத்தில். துரோகி!

மேகன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அங்கேயே அழுது முடித்திருப்பேன். அடுப்பின் மற்றப் பக்கத்துக் கரி தப்பியிருக்கிறது, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே குந்தியிருந்து சிரட்டைத் துண்டுகளைப் பொறுக்கினாள். குழிக்குள் இருந்து எதை எடுத்தாலும் பையில் போட்டுப் பெயர் எழுதவேண்டுமாம். "தேங்காய்ச் சிரட்டை, இக்காலம்" என்று எழுதினாள். பிறகு என்னை ஓடு கழுவும் மேசைக்கு அனுப்பினாள்.

என் குழி ஒரு பல்கலைக்கழகப் பெட்டைக்குப் போயிற்று. நான் பல்லுத் தீட்டும் பிரஷ்ஷும் வாளியுமாக நிற்க, கொஞ்ச நேரத்தில் அவள் துள்ளிக் குதித்தாள். பானையின் விளிம்புத் துண்டு! நகத்தால் வரிவரியாக அழுத்திய அலங்காரமாம். கழுவ என்னிடம்தானே வரவேண்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். அரிய துண்டென்றால் கழுவமாட்டார்களாம். பெட்டிக்குள் வைத்து என்னைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு மேகன் பக்கத்தில் வந்து இருந்தாள். ஏன் உனக்கு இதில் இவ்வளவு ஆசை என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் சண்டை நெருங்கி நாங்கள் வீட்டை விட்டு ஓடிய அன்று, அம்மா தன் குத்துவிளக்கைச் சாக்கில் சுற்றி வீட்டு வளவுக்குள் புதைத்தார். மண்ணைத் தள்ளி மூடியது நான். கெதியில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் காணி இன்றைக்கும் இராணுவத்தின் முட்கம்பிக்குள் கிடக்கிறது. அம்மாவும் போய்விட்டார். எனக்கு மூடத்தான் கிடைத்தது. தோண்டி எடுக்கக் கிடைக்கவில்லை. மண் எனக்கு ஏதாவது ஒன்றைத் திருப்பித் தரவேண்டும் என்றிருந்தது.

மேகன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "சரியாக எந்த இடம்? பக்கத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். தொழில்காரி அல்லவா.

"கிணறு. கிணற்றுக்குக் கிழக்கே," என்றேன். அதுவரை அதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் தேங்காயைக் கையில் எடுத்தாலே போதும். "அம்மா, வெயிட்! பாக் கொண்டுவாறன், லேபிள் பண்ணோணும்," என்பாள் மகள். வருகிற விருந்தாளிக்கெல்லாம் கணவர், "எங்கடை பரம்பரையிலையே ஆராய்ச்சிக்காரர் பாதுகாத்து வைச்சிருக்கிற ஒரே சாமான் இவவின்ரை சிரட்டைதான்," என்று தொடங்குவார். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன்.

சிரித்து முடிய ஒரு நினைப்பு வரும். என்றைக்காவது யாரோ ஒருவர் அந்த வளவைக் கொத்தும்போது விளக்கில் மண்வெட்டி படும். அவர் மேகனைப் போன்ற ஆளாக இருக்கவேண்டும். அம்மாவின் பெயர் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஒரு பையில் போட்டு, "கிணற்றுக்குக் கிழக்கே" என்றாவது எழுதி வைக்கவேண்டும்.