உப்புவெளியில் கெட்டிமேளம்

அந்தக் கோடைக்கு முன் ஒஸ்லோவில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவுசெய்து விடுகிறேன். பின்னால் வருவதைப் படிப்பவர்கள் அதை மறந்துவிடக்கூடும்.

நான் பௌதிகவியல் பட்டதாரி. யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் உயர்தர மாணவருக்கு ஒலியும் ஒளியும் கற்பித்தவன். ஒஸ்லோவில் பகற்பொழுது ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை; வார இறுதியில் கலியாணப் படப்பிடிப்பு. குரோருட்டிலிருந்து ரொம்மன்வரை தமிழர் வீட்டுச் சுவர்களில் தொங்கிய மணமக்கள் படங்களின் கீழ்மூலையில் இருந்தது என் கையொப்பம். ஐயர் முகூர்த்தத்தைப் பார்ப்பார். மாப்பிள்ளை என்னைப் பார்ப்பார். நான் தலையசைக்காமல் தாலி ஏறியதில்லை. (ஒருமுறை ஏறியது. அந்த மாப்பிள்ளையை மீண்டும் குனியச் செய்து, கட்டிய முடிச்சிலேயே கையை வைத்திருக்கும்படி பணித்தேன்.)

என் முறை தனித்துவமானது. கமெராவை முக்காலியில் பூட்டி, படத்தை எடுக்கும் அழுத்துகம்பியைக் கையில் பிடித்து நிமிர்ந்து நிற்பேன். கெட்டிமேளம் எழுந்து உச்சத்தைத் தொடும் கணத்தில் விரல் தானாக அழுத்தும். கண்ணால் பார்த்துக் காத்திருப்பது கற்றுக்குட்டிகளின் வேலை. ஒரு தாலிக்கு ஒரு படம். இரண்டாவது எடுப்பவன் முதலாவதை நம்பாதவன். டிஜிட்டல் கமெராக்கள் பரவத் தொடங்கியிருந்த காலம் அது. அவற்றைப் பற்றி நான் பலர் முன்னிலையில் கூறிய கருத்துகளை இங்கே மீட்டுச் சொல்ல விரும்பவில்லை.

எங்கள் மாடிக்குக் கீழே ஆர்னே என்ற நோர்வேஜியர் குடியிருந்தார். பேருந்து திருத்தும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். நிலவறையில் ஒன்பது ஆண்டுகளாக ஒரு மோட்டார் சைக்கிளைக் கட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் ஓர் உப்புச் சமவெளி உண்டு. அங்கே மோட்டார் சைக்கிள்கள் நேர்கோட்டில் ஓடி வேகச் சாதனைகளுக்கு முயலும். ஒருநாள் அவர் என் கதவைத் தட்டினார்.

“எல்லார் வீட்டிலும் உங்கள் படங்களைத்தான் பார்க்கிறேன். என்னோடு வருவீர்களா? இந்த இயந்திரம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. நான் அதில் ஓடும் படம் ஒன்று, ஒன்றே ஒன்று, எனக்குப் போதும்.”

அன்று மாலையே எங்கள் குடியிருப்பின் பொதுமண்டபத்தை ஸ்லைட் காட்சிக்காகப் பதிவுசெய்துவிட்டேன்.

“முதல்லை போய் எடுத்திட்டு வாங்கோ. மண்டபம் எங்கையும் ஓடாது,” என்றார் என் மனைவி மனோன்மணி.

“எடுக்கிறது எண்டது முடிஞ்ச விசயம். மண்டபந்தான் கிடைக்காமல் போகும்.”

கலியாணங்களில் எனக்கு விளக்குக்குடை பிடிப்பவர் அவரே. ஆகவே அவரும் வந்தார்.

உப்புவெளிக்கு நான் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சென்றேன். மகள் நிலானி கொடுத்துவிட்ட வெயிற்களிம்பை, வெயில் எங்களுக்குப் புதிதல்ல என்று கூறித் தவிர்த்தேன். அங்கே வெயில் நிலத்திலிருந்து மேல்நோக்கி வீசும் என்பதை மூன்றாம் நாள், மூக்குத் துவாரங்களின் உட்புறம் உரிந்தபோது அறிந்துகொண்டேன். கறுப்புக் கண்ணாடியையும் மறுத்தேன். படப்பிடிப்பாளன் நிறங்களை வடிகட்டிப் பார்க்கலாகாது. மனோன்மணி முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியுடன், கோப்பித் தண்ணியும் குடையுமாக உட்கார்ந்திருந்தார்.

பாதுகாப்பின் பொருட்டு எங்களைப் பாதையிலிருந்து அரைக் கிலோமீற்றர் தொலைவில் நிறுத்தியிருந்தார்கள். வாடகைக்கு எடுத்த நீண்ட லென்ஸைப் பூட்டி, நீலமலை பின்னணியில் வரும்படி முக்காலியை நிலைநிறுத்தினேன். வெண்மையின் கூச்சத்தில் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. குறையொன்றும் இல்லை, என் தொழில் காதால் நடப்பது. தொலைவில் ஓர் உறுமல் எழுந்தது. ஏறியது. உச்சத்தைத் தொட்டது. அழுத்தினேன்.

“இஞ்சாருங்கோ, அது அப்பவே கடந்து போட்டுது. நீங்கள் இப்பதானே அமத்தினியள்?”

“நீர் குடையைப் பிடியும். நான் எத்தினை கலியாணம் எடுத்தனான் எண்டு உமக்குத் தெரியும்தானே?”

“கலியாணத்திலை மாப்பிள்ளை ஓடுறேல்லை!”

மூன்று நாட்களில் ஆர்னே ஐந்துமுறை பரீட்சித்து ஓடினார். ஐந்துமுறையும் உச்சத்தில் அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் மனோன்மணி, கோயிலில் பிந்தி வந்தவர்களைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

நான்காம் நாள் சாதனை முயற்சி. ஒரு திசையில் ஓடி, குறித்த நேரத்துக்குள் எதிர்த்திசையில் திரும்பி ஓடவேண்டும். இரண்டின் சராசரியே கணக்கில் வரும். போகும்போது வழமைபோல் அழுத்தினேன்.

“வரேக்கை நான் கண்ட உடனை உங்கடை தோளிலை தட்டுறன். அப்ப அமத்துங்கோ,” என்றார் மனோன்மணி.

“தொடக்கூடாது! கமெரா ஆடும்.”

உறுமல் மீண்டும் எழுந்தது. அது உச்சத்துக்கு வருமுன் என் தோளில் ஓர் அடி விழுந்தது. தட்டல் என்று மனோன்மணி இன்றும் சொல்கிறார். அடி என்பதே துல்லியமான சொல். திடுக்கிட்டதில் விரல் அழுத்திவிட்டது. உச்சம் பிறகுதான் வந்தது.

“ஒரு படத்தைக் கெடுத்துப்போட்டீர்!” என்றேன்.

ஆர்னேயின் இயந்திரம் பாதையின் முடிவில் புகைவிட்டு நின்றது. இனி அது ஓடாது. ஆனால் அவருடைய பிரிவில் சாதனை அவருக்கே. உப்பும் கண்ணீருமாக என்னிடம் வந்தார்.

“கிடைத்ததா?”

“கிடைத்தது,” என்றேன். ஐயமின்றிச் சொன்னேன் என்பதை இங்கே குறிப்பிடுதல் அவசியம்.

ஸ்லைட்டுகள் காட்சி நாளன்று பிற்பகலிலேதான் கழுவிக் கிடைத்தன. சாளரத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வெண்மை அற்புதமாக வந்திருந்தது. அவ்வளவு தொலைவில் ஆர்னே ஒரு பொட்டளவே தெரிவார் என்று முன்பே கணித்திருந்தேன். ஆகையால் பொட்டு என் கண்ணுக்குத் தெரியாதது எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. ஒருபக்கம் நோர்வேஜியர், மறுபக்கம், நான் தாலியேறக் கண்ட தமிழர்கள். ஆர்னே முன்வரிசையில் தலைவாரி உட்கார்ந்திருந்தார். நான் இரு மொழிகளிலும் ஒரு முன்னுரை நிகழ்த்தினேன். “மின்னல் மறைந்த பிறகே இடியைக் கேட்கிறோம். அவ்வாறே, விரைந்து செல்லும் வாகனத்தின் ஓசை நம்மை வந்தடையும்போது வாகனம் அங்கே இருப்பதில்லை.” சபை கைதட்டியது. அந்த வாக்கியத்தை எழுதியவனும் நானே, வாசித்தவனும் நானே. அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

நிலானி முதலாவது ஸ்லைட்டைப் போட்டாள். உப்பு. நீலமலை. வானம்.

“இது பாதை,” என்றேன்.

இரண்டாவது. உப்பு. நீலமலை. வானம்.

“பாதையின் இன்னொரு தோற்றம்.”

மூன்றாவதில் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. “மாஸ்டர், மோட்டச்சைக்கிள் எங்கை?”

பிந்தி வந்த ஒருவர் கதவடியில் நின்று, “சரியான பனி. இதென்ன, வடகோடியிலை ஹம்மர்பெஸ்ட்டோ?” என்று விசாரித்தார்.

“அப்பா, நிப்பாட்டுவமே? இது சரியான பின்லி,” என்று நிலானி கிசுகிசுத்தாள். (பின்லி என்றால் மானம் போகும் விடயம். நோர்வேயில் பிறந்த பிள்ளைகள் அதைப் பெரும்பாலும் பெற்றோரைக் குறித்தே பயன்படுத்துவர்.)

நிறுத்தவில்லை. நிறுத்தினால் விளக்கம் சொல்லவேண்டும். நான்கு, ஐந்து, ஆறு: உப்பு. ஏழாவது விழுந்ததும் திரையின் இடது ஓரத்தில் ஒரு கறுப்பு அரைவட்டம் தெரிந்தது. மனோன்மணி கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

“அதுதான்! அதுதான் நான் தட்டினது!”

நோர்வேஜியர் பக்கத்துக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள். பிறகு மண்டபம் அடங்கச் சற்று நேரமெடுத்தது. ஆர்னே மட்டும் சிரிக்கவில்லை. ஒன்பது ஆண்டு, ஒன்றே ஒன்று கேட்டவர். நான் அவரைப் பாராமல் ஸ்லைட் இயந்திரத்தின் மின்கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து திரையருகே சென்றார். அந்தக் கறுப்பு அரைவட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

“என்னுடைய பின்சக்கரம்,” என்றார். “ஆறாவதை மறுபடி போடுங்கள்.”

நிலானி போட்டாள். உப்பு. நீலமலை. வானம். ஆர்னே அதை நெடுநேரம் பார்த்தார்.

“இருக்கையிலிருந்து நான் கண்டதும் இவ்வளவுதான்,” என்றார். “அங்கே வேறொன்றுமே இல்லை.” பிறகுதான் சிரித்தார். அவர் சிரித்ததும் நான் அமர்ந்துகொண்டேன்.

ஏழாவது படம் பெரிதாக்கப்பட்டு அவருடைய சோபாவுக்கு மேல் தொங்குகிறது. ஆறாவதை மனோன்மணி எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். விருந்தாளி எவரும் அதைப்பற்றிக் கேட்காமல் போவதில்லை. கேட்டவர் எவரையும் முழுக்கதையும் சொல்லாமல் அவர் அனுப்பியதில்லை. அந்த இலையுதிர்காலத்திலேயே நான் டிஜிட்டல் கமெரா வாங்கினேன். ஆயினும் இன்றுவரை எந்தக் கலியாணத்தில் கெட்டிமேளம் எழுந்தாலும், “மாஸ்டர், போட்டுது!” என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். மனோன்மணி என் தோளுக்குப் பின்னால் கையை ஓங்கியபடி நிற்பார்.

இறுதியாக ஒரு திருத்தம். ஏழாவது படத்தை எடுத்தவர் என் மனைவி என்று குரோருட்டில் சொல்லப்படுகிறது. அது தவறு. அவர் அடித்தார். அழுத்தியவன் நான்.