சுள்ளி ஏரில் போன தாய்மாமன்

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இருந்தார். அவருக்கு ஒரு விமானக் கம்பெனியும் இருந்தது. பெயர் சிம்மாசனம் ஏர்லைன்ஸ். நான்கு நாரைகள் ஒரு பல்லக்கைத் தூக்கிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்குப் பறக்கும். உள்ளே மெத்தை, தலையணை, வெள்ளித் தட்டில் சாப்பாடு. குறை ஒன்றே ஒன்றுதான், ஏற ஆள் இல்லை. ராஜாவின் மச்சினர்கள் மட்டும் தவறாமல் ஏறினார்கள். அவர்களுக்கு டிக்கெட் எடுக்கும் பழக்கம் கிடையாது.

நரி ஒரு யோசனை சொன்னது. "ராஜா, சாதாரண ஜனங்களுக்குன்னு மலிவா ஒரு குட்டிக் கம்பெனி ஆரம்பிப்போம். கூட்டம் அள்ளும்."

அப்படிப் பிறந்ததுதான் சுள்ளி ஏர். பன்னிரண்டு காக்கைகள், ஒரு மூங்கில் கூடை. கட்டணம் ஒரு கிழங்கு. உட்கார்ந்து வர வேண்டுமென்றால் இன்னொரு கிழங்கு.

ராஜாவுக்கு ஒரே ஒரு கவலை. "கூடையில் வருகிறவனும் பல்லக்கில் வருகிறவனும் ஒரே வீட்டு விருந்தாளி என்று தெரிந்தால் என் மானம் என்ன ஆவது?"

"இது வேற கம்பெனி, அது வேற கம்பெனி ராஜா. இங்க இருக்கறவனுக்கு அங்க வர்ற பயணியைத் தெரியவே கூடாது. சட்டமே போட்டுடலாம்."

சட்டம் போட்டார்கள். ஆனால் சிக்கனம் கருதி இரண்டு கவுண்டரையும் நரியே பார்த்துக்கொண்டது. சுள்ளி ஏர் கவுண்டரில் பச்சைத் தொப்பி, சிம்மாசனம் கவுண்டரில் ஜரிகைத் தொப்பி. நடுவில் பத்தடி தூரம்.

அந்தக் காட்டில் செவ்வந்தியப்பன் என்றொரு முயல் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கை வள்ளியம்மையின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். போன வருஷம் அதே குழந்தைக்கு மொட்டை போட்டபோது மாமன் வழியில் தூங்கிவிட்டான். முயல் சாதிக்கு அது பரம்பரை வியாதி. இந்த முறை தங்கை கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "பத்தரைக்குள்ள வரலேன்னா பெரியப்பா பையன் மடியில உக்கார வச்சுடுவேன். அப்புறம் அண்ணன்னு ஒருத்தன் எனக்கு இல்ல."

அதைக் கேட்டதிலிருந்து செவ்வந்தியப்பன் தூங்கவே பயந்தான். அவனுக்கு இருப்பது ஒரே தங்கை. விடிந்ததும் சீர் மூட்டையோடு சுள்ளி ஏர் வரிசையில் போய் நின்றான். ஏழரைக்குக் கூடை கிளம்பினால் எட்டேகாலுக்குப் போய்விடலாம். அவனுக்கு முன்னால் ஏகாம்பரம் என்ற ஆமை நின்றிருந்தது.

"நீங்க நடந்தே ஜெயிக்கிறவராச்சே அண்ணே?" என்றான் முயல்.

"நிதானமாப் போனா ஜெயிக்கலாம்னு சொன்னவன் எவனும் இந்த மலையை ஏறிப் பாக்கல தம்பி. எனக்கு ஆறு மாசம் ஆகும். என் பொண்டாட்டி முட்டை இட்டுட்டா, பொரியறதுக்குள்ள போகணும்."

முயலின் முறை வந்தது. பச்சைத் தொப்பி நரி மூட்டையைத் தராசில் வைத்தது.

"ஏழு கிலோதான் சார் அனுமதி. இது பன்னெண்டு. அப்புறம் காதை இந்த மரச்சட்டத்துக்குள்ள விடுங்க. பாத்தீங்களா, வெளிய நீட்டுது. அது ரெண்டாவது லக்கேஜ்."

"அய்யா, அது என் காது!"

"கையில இருந்தா பை, தலையில இருந்தா காதுன்னு கம்பெனி பிரிச்சுப் பாக்கறதில்ல சார்."

"உடம்புல கட்டியிருந்தா?"

நரி விதிப் புத்தகத்தைப் புரட்டியது. "கட்டியிருக்கறதுக்கு எடை இல்ல."

அவ்வளவுதான். செவ்வந்தியப்பன் மச்சானுக்கு எடுத்த வேட்டியைக் கட்டினான். அதற்கு மேல் தங்கையின் அரக்குப் பட்டுப்புடவையைச் சுற்றினான். காதுகளை மடித்து, மருமகளின் பட்டுப்பாவாடையால் தலைப்பாகை கட்டினான். மீதி இருந்தது பலாப்பழம். அதை வரிசையிலேயே உரித்தான். அணில், கீரி, ஏகாம்பரம் என்று ஆளுக்கு நாலு சுளை. கல்யாணப் பந்தி மாதிரி ஒரே கலகலப்பு. கடைசி நாலு சுளையை மருமகளுக்கென்று இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டான். வாயில் இருப்பதற்கும் எடை இல்லை.

ஏழரை ஆயிற்று, எட்டரை ஆயிற்று, கூடை வரவில்லை.

"செயல்பாட்டுக் காரணங்களால் தாமதம்" என்றது பச்சைத் தொப்பி.

காரணம் அணிலுக்குத் தெரிந்திருந்தது. ராத்திரி விருந்தில் கெட்ட மீன் தின்று நான்கு நாரைகளுக்கும் வயிற்றுப்போக்கு. அதனால் சிம்மாசனம் ஏர்லைன்ஸ் சுள்ளி ஏரின் கூடையைக் காக்கைகளோடு எடுத்துக்கொண்டுவிட்டது. கூடைக்குள் ஒரு பட்டு மெத்தை போட்டிருந்தார்கள்.

ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்தது. ஆமைக்குக் கோபம் மேலே வர நேரமாகும், வந்தால் இறங்கவும் நேரமாகும். முயலையும் கூட்டிக்கொண்டு பத்தடி நடந்து அடுத்த கவுண்டருக்குப் போனது. அதற்குள் நரி நிதானமாக வந்து ஜரிகைத் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எங்க கூடையை நீங்க எப்படி எடுக்கலாம்?"

"எந்தக் கூடை சார்? சுள்ளி ஏரா? அது வேற கம்பெனி. புகார்னா அங்க போங்க."

"அங்கேயும் நீதானேய்யா உக்காந்திருந்தே!"

"இந்தத் தொப்பியில எனக்கு அவரைத் தெரியாது சார்."

மணி ஒன்பதே கால். செவ்வந்தியப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கெஞ்ச வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தால் மருமகளின் சுளை விழுந்துவிடும். பேசாமல் நின்றான்.

அப்போது வயிறு கொஞ்சம் தேவலையான ஒரு நாரை, பல்லக்குப் பயணிகளை அழைக்க வெளியே வந்தது. பட்டும் தலைப்பாகையுமாய், கன்னம் உப்பி, கலங்கிய கண்ணோடு யாருடனும் பேசாமல் நிற்கும் பெரிய மனிதரைப் பார்த்தது. அதற்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அய்யய்யோ, தாங்களா? தங்களையா காக்க வச்சுட்டாங்க?"

முயல் தலையை மட்டும் ஆட்டினான்.

நாரை நரியிடம் திரும்பியது. "இவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா?"

நரிக்கு நன்றாகத் தெரியும். ஒரு கிழங்கு டிக்கெட், காது அளவு அதிகம், மூட்டை பன்னிரண்டு கிலோ. ஆனால் தெரியும் என்று சொன்னால் இரண்டும் ஒரே கம்பெனி என்று ஆகிவிடும். ராஜா தோலை உரித்துவிடுவார். நரி எழுந்து நின்றது.

"தெரியாதுங்க" என்று கும்பிட்டது.

"தெரியாத அளவுக்குப் பெரிய இடமா!" என்று நாரை இன்னும் பயந்துபோனது. "லக்கேஜ் ஏதாவது உண்டுங்களா?"

முயல் ஏகாம்பரத்தைக் கை காட்டினான். ஆமைக்கு விஷயம் புரிந்தது. சட்டென்று தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. நாரை அதன் முதுகில் 'கவனமாகக் கையாளவும்' என்று சீட்டு ஒட்டிக் கூடையில் ஏற்றியது. அதே கூடை, அதே பன்னிரண்டு காக்கைகள், அவன் கிழங்கு கொடுத்து வாங்கிய அதே ஓரத்து இடம். இப்போது கீழே மெத்தை இருந்தது. ஒரு காக்கை விசிறிவிட்டுக்கொண்டே வந்தது.

பத்து இருபத்தைந்துக்கு மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் இறங்கினார்கள். பெரியப்பா பையன் மடியில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தான். மரங்கொத்தி ஆசாரி அலகைத் தீட்டிக்கொண்டிருந்தார். செவ்வந்தியப்பன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான்.

"அண்ணே, வந்துட்டியா!" என்று வள்ளியம்மை எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டாள்.

அவன் நடுப்பந்தலில் நின்று புடவையை அவிழ்த்துத் தங்கையிடமும், வேட்டியை அவிழ்த்து மச்சானிடமும், தலைப்பாகையை மருமகளிடமும் கொடுத்தான். கன்னத்திலிருந்து நாலு சுளை வந்தது. சீரை உடம்பிலேயே சுமந்து வந்த மாமனை அந்தக் காடு கண்டதில்லை. பெரியப்பா பையன் துண்டை மடித்துக்கொண்டு எழுந்தான். குழந்தை மாமன் மடியில் ஏறிக்கொண்டது. மரங்கொத்தி இரண்டே கொத்து கொத்தினார். குழந்தை சுளையைத் தின்றுகொண்டு சும்மா இருந்தது. மாமன்தான் அழுதான்.

நீதி: பொய் சொல்வது பாவம். பட்டைக் கட்டிக்கொண்டு வாயை மூடி நின்றால் போதும், வேண்டிய பொய்யை அடுத்தவர்களே சொல்லிக்கொள்வார்கள்.