முருங்கைக்கீரையும் ‘பொறுங்க’ டாக்டரும்

திருச்சி, ஸ்ரீரங்கம் இரண்டு ஊரையும் சேர்த்து, மனிதர்களுக்கு எரிச்சல் மூட்டுவதையே முழுநேரத் தொழிலாக வைத்திருந்த ஒரே டாக்டர் அவர்தான். பிரசவம் பார்த்ததெல்லாம் பகுதிநேரம். பெற்றோர் வைத்த பெயர் ஆஸ்பத்திரி வாசல் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு அவர் ‘பொறுங்க’ டாக்டர். ஸ்ரீரங்கத்தில் எந்த ஆட்டோவில் ஏறி “பொறுங்க ஆஸ்பத்திரி” என்றாலும் சரியாகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

எது கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான். வலி எடுத்தால் பொறுங்க. வலி எடுக்காவிட்டாலும் பொறுங்க. பத்துக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. ஒரு பக்கம் பிரசவ அறை, எதிரே ஆபரேஷன் தியேட்டர். “அந்தத் தியேட்டர்ல பாய் விரிச்சுத் தூங்கலாம்யா, ஒருத்தரும் எழுப்ப மாட்டாங்க” என்று கைலாசபுரம் டீக்கடையில் நானே பேசியிருக்கிறேன்.

அதைவிடக் கொடுமை, கீரை. தினமும் காலையில் காந்தி மார்க்கெட்டுக்குப் போய், முருங்கைக்கீரைக் கட்டோடுதான் வேலைக்கு வருவார். வலியில் துடிக்கிற பெண்ணின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு ஆய ஆரம்பித்துவிடுவார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, கையை முழங்கை வரை கழுவி, வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார். பிறகு மறுபடியும் கீரை. டாக்டர் பட்டத்தையே கீரையோடு கொசுறாக வாங்கியிருப்பாரோ என்று எனக்கு நியாயமான சந்தேகம் இருந்தது.

ஒருநாள் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தார். மூன்று பிள்ளை பெற்றவர். மாதவிடாய்த் தொந்தரவு என்று சொல்லிவிட்டு, தீர்ப்பையும் அவரே சொன்னார். “கர்ப்பப்பையை எடுத்துடுங்க டாக்டரம்மா. அதான் வேலை முடிஞ்சு போச்சே.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “கல்யாணம் முடிஞ்சா மண்டபத்தை இடிச்சிருவீங்களா? மாத்திரை தரேன். மூணு மாசம் பொறுங்க.”

அந்தப் பெண் வாசலில் நின்று திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு வாழைத்தாரோடு வந்து அதே வாசலில் நின்றார். அதற்கும் டாக்டர், “பொறுங்க, கேஸ் பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றுதான் சொன்னார்.

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்காரர் ஒருவர், லீவு முடிவதற்குள் மனைவிக்கு சிசேரியன் செய்துவிடும்படி கேட்டுப் போனார். “லீவை நீட்டிக்க ஆபீஸ்ல மனு போடுங்க. குழந்தைகிட்ட மனு போட முடியாது” என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அவர் என்னிடம் வந்து புலம்ப, அக்கிரமம் என்று நானும் சேர்ந்து கத்தினேன்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போய் மாட்டினேன்? என் மனைவி கவிதா, முதல் பிரசவத்துக்கு இவர்தான் வேண்டும் என்று எட்டு மாத வயிற்றோடு ஒற்றைக் காலில் நின்றாள்.

என் மாமியார் திருவெள்ளறைக்காரர். முதல் சந்திப்பிலேயே மஞ்சள் தடவிய காகிதத்தை நீட்டினார்.

“டாக்டரம்மா, வெள்ளிக்கிழமை ஒம்பதரைலேர்ந்து பத்தரைக்குள்ள ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா குழந்தைக்கு ராஜயோகமாம். எங்க ஜோசியர் எழுதிக் குடுத்திருக்காரு.”

“அவரு பொறக்குறதுக்கு யாரு நேரம் குறிச்சாங்க?”

“அவரா? அவரு சும்மா, தானாத்தான் பொறந்தாரு.”

“பாருங்க, தானாப் பொறந்தவரு ஜோசியராவே ஆயிட்டாரு. பொறுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. நான் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை என்று கேன்டீனில் மேஜையைத் தட்டிப் பேசுகிறவன். ஆனாலும் மாமியார் கட்சியில் சேர்ந்துகொண்டேன். எதுவும் குறித்த நேரத்தில் நடந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போதே கவிதாவுக்கு வலி தானாக எடுத்துவிட்டது. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் வழக்கம்போல் ஸ்டூலில், வழக்கம்போல் முறத்தோடு.

மணி ஒன்பதரை ஆயிற்று. “டாக்டரம்மா, நல்ல நேரம் வந்துருச்சு. இப்ப எடுத்துடுங்களேன்” என்றார் மாமியார்.

“எதுக்கு எடுக்கணும்? துடிப்பு நல்லா இருக்கு. அம்மாவும் நல்லா இருக்காங்க. பொறுங்க.”

பத்தரை ஆயிற்று. நல்ல நேரம் போய் ராகு காலம் வந்தது. மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பிரசவ அறை வாசலில் நின்று டாக்டரின் முறத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மாவுக்குக் கத்தியைப் பிடிக்கவே பயம், அதை மறைக்கத்தான் இந்தக் கீரை நாடகம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பதினொன்று அடிக்கும்போது டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து துடிப்பைக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஸ்டூலுக்குப் போகவில்லை. கவிதாவை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார். வலி ஒன்று வந்து போகும்வரை காத்திருந்து மறுபடி கேட்டார். உள்ளே பரிசோதித்தார். பிறகு திரும்பிய வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது, முறம் கவிழ்ந்தது, கீரை தரையெல்லாம் சிதறியது.

“சிஸ்டர், தியேட்டர்! உடனே!”

பிறகு கவிதாவின் முகத்தருகே குனிந்தார். “கவிதா, வலி வர்றப்போ குழந்தையோட துடிப்பு இறங்குது. வலி போனப்புறமும் ஏறல. தானாப் பொறக்க இன்னும் நேரமாகும். அதுவரைக்கும் குழந்தை தாங்காது. ஆபரேஷன் பண்ணணும்.”

மாமியார் குறுக்கே விழுந்தார். “ஐயோ, ராகு காலம் டாக்டரம்மா! பன்னெண்டு மணி வரைக்கும் மட்டும் பொறுங்க!”

அந்த ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையை வேறொருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

“பொறுக்க முடியாதும்மா” என்றார் டாக்டர்.

சிஸ்டர் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார். நான் முந்திக்கொண்டு அதைப் பிடுங்கினேன். பேனாவும் கையில் இருந்தது. மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “மாப்ளே, கொஞ்சம் யோசிங்க” என்றார். கேன்டீனில் மேஜையைத் தட்டுகிற வீரன் என்ன செய்தான் தெரியுமா? சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தான். என் குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. நான் பன்னிரண்டுக்கு எத்தனை நிமிஷம் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

“உங்க கையெழுத்தை யாருங்க கேட்டா? வயிறு அவங்களோடது” என்று டாக்டர் படிவத்தை என் கையிலிருந்து உருவினார். கவிதா பல்லைக் கடித்துக்கொண்டு, படுத்தபடியே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்தும் எங்கள் வீட்டுச் சண்டைகளில் அந்தப் பார்வை அவ்வப்போது வந்து போகிறது.

தியேட்டர் கதவு திறந்தது. உள்ளே விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. கருவிகள் துணி மூடித் தயாராக இருந்தன. மயக்க மருந்து டாக்டர் பச்சை உடையோடு எழுந்து நின்றார்.

“இவரு எப்ப வந்தாரு?” என்று சிஸ்டரிடம் உளறினேன்.

“காலைல ஏழு மணிக்கே வந்துட்டாருங்க. மேடம் ஒரு கேஸ்ல உக்காந்தா, அவரையும் வரச் சொல்லி உள்ளே உக்கார வெச்சிருவாங்க. பொறுக்கறதுன்னா சும்மா இருக்கறதுன்னு நெனச்சீங்களா?”

கதவு மூடிக்கொண்டது. நானும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அழுகைச் சத்தம் கேட்டபோது மணி பதினொன்று பதினேழு. கழுத்தைச் சுற்றித் தொப்புள் கொடி இறுகியிருந்ததாம். பெண் குழந்தை.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கண்ணீர் காய்வதற்குள் டாக்டரிடம் போய் நின்றார். “சர்டிபிகேட்ல மட்டும் பன்னெண்டு அஞ்சுன்னு போட்டுடுங்களேன்.” டாக்டர் அவர் கண்ணெதிரிலேயே ‘11.17’ என்று எழுதி அடியில் கோடும் போட்டார். மாமியார் விடுவாரா? ஜோசியரிடம் பன்னிரண்டு ஐந்து என்றே சொல்லி ஜாதகம் எழுதி வாங்கிவிட்டார். அந்த ஜாதகப்படி என் மகள் கலெக்டராகப் போகிறாள். ஆஸ்பத்திரிக் காகிதப்படி ஏழாம் வகுப்பு, கணக்கில் சுமார்.

டாக்டர் இப்போது ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் காந்தி மார்க்கெட்டில் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கி, மகளையும் அழைத்துக்கொண்டு போவேன். முதல் வருஷம் அவருக்கு என் முகம் ஞாபகமில்லை. எந்தக் கேஸ் என்று கேட்டார். நாளையும் நேரத்தையும் சொன்னதும், “அட, என் கீரையெல்லாம் வீணாப்போச்சே, அன்னிக்கா!” என்றார். “அதைத்தாங்க திருப்பிக் குடுக்க வந்தேன்” என்றேன்.

சமீப வருஷங்களில் கட்டாகக் கொண்டுபோவதில்லை. முந்தின நாளே என் மகள் உட்கார்ந்து, ஒரு காம்பு இல்லாமல் ஆய்ந்து வைத்துவிடுகிறாள்.