முதலில் கண்டவர் சட்டம்

தூய்மாபுரி என்றொரு நாடு. பெயரிலேயே தூய்மை இருந்ததால் தெருவில் அது தேவைப்படவில்லை.

தலைநகரின் மழைநீர் வாய்க்கால் ஓரம் இட்லிக்கடை வைத்திருந்தாள் மங்காயி. ஒரு காலையில் பார்த்தால் வாய்க்காலை அடைத்துக்கொண்டு ஆளுயர இடிபாடு. ஐப்பசி மழைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பெய்தால் தண்ணீர் நேரே அவள் வீட்டுக்குள்தான் வரும். அத்தனையும் பளிங்குத் துண்டுகள்! இவ்வளவு பளிங்கு எந்த ஏழை வீட்டில் இருக்கிறது? வண்டித்தடத்தைக் கண்ணாலேயே தொடர்ந்தாள். அது அரண்மனைப் பக்கம் திரும்பியது.

குப்பைக் கணக்கெடுப்பு அதிகாரி பூவராகர் குடை, கொடி, எழுத்தர் சகிதம் வந்தார். குவியலை விட்டுவிட்டு அவளைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

“முதலில் கண்டது யார்?”

“நான்தாங்கய்யா. கோழி கூவறப்பவே பாத்துட்டேன்” என்றாள் பெருமையாக, பாவம்.

“எழுதிக்கொள். உரிமையாளர், மங்காயி.”

“ஐயையோ! நான் கொட்டலீங்களே!”

“முதலில் கண்டவரே உரிமையாளர். நேற்று மாமன்னர் பிறப்பித்த ஆணை. ஏழு நாளில் குவியலை அகற்று. தவறினால் உன் வீடு அகற்றப்படும்.”

ஆணை நேற்று, குவியல் இன்று. மங்காயிக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து தனியாளாகக் கூடை கூடையாக அள்ளினாள். அவள் ஒரு கூடை குறைத்தால் எங்கிருந்தோ ஒரு வண்டி கூடியது. முதல் நாள் அவளோடு நின்று குப்பையைத் திட்டிய பக்கத்து வீட்டு முத்திருளனைக் கைகொடுக்கக் கூப்பிட்டாள்.

“குவியலா? எங்கக்கா?” என்று அதன்மேலேயே ஏறி நடந்து போனான் அவன்.

மறு கணக்கெடுப்பில் நாட்டில் வேறு எவரும் எதையும் காணவில்லை. மகிழ்ந்த மாமன்னர் ஏழாம் நாள் தேரில் நகர்வலம் வந்தார். வாய்க்கால் ஓரம் சக்கரம் பளிங்கில் ஏறித் தேர் சாய்ந்தது.

“சீச்சீ! என்ன இவ்வளவு குப்பை!” என்றார் மாமன்னர், ஊரே கேட்க.

மங்காயி கூடையை இறக்கினாள். “எழுதிக்குங்கய்யா. இன்னிக்குக் கொட்டின குப்பைய மொதல்ல கண்டது ராசாதான்.”

தேரோடு வந்த எழுத்தர் ஏட்டை விரித்தார். பூவராகர் கூட்டத்தை நிதானமாகப் பார்த்தார்.

“மாமன்னர் ஏதேனும் சொன்னது யார் காதிலாவது விழுந்ததா?”

“இல்லீங்க” என்றது ஊர். முதல் குரல் முத்திருளனுடையது.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. வீட்டை அகற்ற வந்தவர்களே திரும்பிப் போகும்படி தெரு முழுவதும் இடுப்பளவு வெள்ளம். முத்திருளன் தலையில் அரிசி மூட்டையோடு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டான்:

“அக்கா, உங்க வீட்டுலயும் தண்ணி வந்துருச்சா?”

மங்காயி மிதந்துபோன இட்லிப்பானையை எட்டிப் பிடித்தாள்.

“தண்ணியா? எங்கப்பா?”