ஒன்றும் தெரியாதவர்களுக்கான கிதார் வகுப்பு

இசையை வளர்த்தவர்கள் வரலாற்றில் ஏராளம். அரசர்கள் வளர்த்திருக்கிறார்கள், செல்வந்தர்கள் வளர்த்திருக்கிறார்கள், குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனி ஆளாக வளர்த்தவர்களும் உண்டு. ஆனால் இசையை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், தீர்மானம் போட்டு, மூன்று பிரதி எடுத்து, முத்திரை குத்தி வளர்த்த பெருமை நான்கு பிளாக்குகள் கொண்ட ஒரு குடியிருப்பின் நலச் சங்கச் செயலாளரையே சேரும்.

அவருக்குத் தொழில் தராசு சோதிப்பது. அரசாங்க உத்தியோகம். கடை கடையாகப் போவார், தட்டில் எடைக்கல்லை வைப்பார், முள் சரியாக நின்றால் முத்திரை குத்துவார், நிற்காவிட்டால் கடைக்காரரை நிற்க வைப்பார். குடியிருப்பில் அவருக்குத் 'தராசு' என்றே பெயர், முதுகுக்குப் பின்னால்தான். பதினெட்டு வருட சர்வீஸில் அவர் கண்டறிந்த பேருண்மை ஒன்று உண்டு. போன தடவை சரியாக இருந்த தராசு இந்தத் தடவையும் சரியாக இருக்கும் என்று நம்பவே கூடாது. எதையும் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். பால் பொங்கிவிட்டது என்று மனைவி கத்தினால்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். அதற்குள் பால் அடுப்பெல்லாம் வழிந்து அவர் நம்புவதற்குத் தோதாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் குழு கூடியிருந்தபோது, தரைத்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"ஞாயித்துக்கிழமை கடை லீவு சார். எங்கிட்ட பழைய கிதார் ஆறு இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு ஆரம்பத்துல இருந்து சொல்லித் தரலாம்னு ஆசை. காசு ஒண்ணும் வேணாம்."

சங்கத் தலைவர் கண்ணைத் திறந்தார். அவர் மெத்தைக் கடை முதலாளி. தம்முடைய சரக்கின் மேல் நம்பிக்கை உள்ளவர். கூட்டங்களில் அவர் கண்ணைத் திறப்பது அபூர்வம்.

"காசு வேணாமா? அப்போ வேற என்ன வேணும்?"

"பிள்ளைங்க வந்தா போதும்."

"அது சரி. இதுல உங்களுக்கு என்ன?"

"எனக்குப் பிடிக்கும் சார்."

'பிடிக்கும்' என்பதைக் குறிப்பேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று செயலாளருக்கு விளங்கவில்லை. பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில், 'காரணம்: பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வகுப்பை எப்படி நடத்துவது என்று முடிவு செய்ய மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. எப்படி நடத்தாமல் இருப்பது என்று முடிவு செய்திருந்தால் ஒன்றே போதும். ஆனால் செயலாளர் பொறுப்பானவர். போன வருடம் இலவசச் சதுரங்க வகுப்பு என்று ஒன்று வைத்து, ஏற்கெனவே கோப்பை வாங்கிய பிள்ளைகளாக வந்து இடத்தை அடைத்துக்கொண்டது அவர் மனத்தில் ஆறாத புண். 'தொடக்க நிலை' என்று விளம்பரம் செய்துவிட்டுத் தெரிந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பது எடைக்கல்லில் ஓட்டை போடுவதற்குச் சமம். எனவே நான்காம் விதி பிறந்தது:

'பயனாளி கிதார் அறியாதவராக இருத்தல் வேண்டும். மேற்படி அறியாமை ஒவ்வொரு வாரமும் வகுப்புக்கு முன் சோதித்து உறுதி செய்யப்படும்.'

கண்ணாடிக் கடைக்காரர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார்.

"சார், முதல் வாரம் சோதிச்சாப் போதாதா? ரெண்டாவது வாரம் கொஞ்சம் தெரிஞ்சிருக்குமே."

"எப்படித் தெரியும்?"

"நான் சொல்லிக் கொடுத்திருப்பேனே சார்."

"அது உங்க பொறுப்பு," என்றார் செயலாளர். "விதி என்ன பண்ணும்?"

அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது. இருபத்திரண்டு குழந்தைகள் பெயர் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி செயலாளரின் ஒரே மகள். ஒன்பது வயது, வீட்டில் சுண்டு. கிதார் வகுப்பு என்று கேட்ட நாளிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டைத் தொடைமேல் சாய்த்து வைத்துத்தான் சாப்பிட்டாள். "என்னைச் சேர்த்துப்பாங்களாப்பா?" என்று தினமும் கேட்டாள்.

"உனக்குக் கிதார் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"நிச்சயமா?"

"நிச்சயமாத் தெரியாதுப்பா."

"அப்போ கவலையே படாதே," என்று அவர் அவள் தலையைத் தடவினார். அந்த அன்பில் எந்தக் கலப்படமும் இல்லை.

முதல் வாரம் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார் செயலாளர். ஒவ்வொரு குழந்தையிடமும் கிதாரைக் கொடுத்து மீட்டச் சொன்னார். காது கூசினால், புறங்கையில் 'தெரியாது' என்று நீல முத்திரை. இருபத்திரண்டு கைகளிலும் முத்திரை விழுந்தது. உள்ளே கண்ணாடிக் கடைக்காரர் ஒவ்வொரு விரலாகப் பிடித்துக் கம்பியில் வைத்துக் காட்டினார். ஒரு மணி நேரம் குழந்தைகள் சிரித்த சத்தம் நான்கு பிளாக்குகளுக்கும் கேட்டது. அதற்கு மூன்று புகார்கள் வந்தன.

இரண்டாம் வாரம் ஒன்பது குழந்தைகள் இனிமையாக ஏதோ வாசித்துத் தொலைத்தார்கள். 'தகுதி இழந்தோர்' பதிவேட்டில் ஏறினார்கள். மூன்றாம் வாரம் ஏழு பேர். பெற்றோர் கொதித்துப்போனார்கள், சங்கத்தின் மேல் அல்ல. படிக்கட்டில் ஓர் அம்மா தன் மகனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"எதிர் வீட்டுப் பையன் இன்னமும் தெரியாமத்தானே இருக்கான்? நீ மட்டும் ஏன்டா கத்துக்கிட்டு வந்து நிக்கிற? எனக்கு வெளியில தலை காட்ட முடியல!"

தேவை இருக்கும் இடத்தில் சேவை பிறக்கும் அல்லவா? இரண்டாவது மாடியில் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த டீச்சர், 'கிதார் தெரியாமை: ஐந்து நாள் தீவிரப் பயிற்சி' என்று பலகை மாட்டினார். கிதாரைத் தலைகீழாகப் பிடிப்பது, கம்பிக்குப் பதிலாகக் கட்டையைச் சுரண்டுவது, நடுவில் இருமுவது எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தன. தப்பாக வாசிப்பதற்குச் சரியானது எது என்று காட்டியாக வேண்டியிருந்ததால் அங்கே போன ஐந்து பேரும் தரமாகக் கற்றுக்கொண்டு, நான்காம் வாரம் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள்.

ஐந்தாம் வாரம் வகுப்பில் சுண்டு மட்டும் இருந்தாள்.

வாராவாரம் அவள் புறங்கையை நீட்டினாள், வாராவாரம் நீல முத்திரை விழுந்தது. செயலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் சொன்னார்: "எட்டு மாசமா போறா. இன்னும் ஒண்ணும் தெரியாது!" கேட்டவர்கள் கைகொடுத்தார்கள்.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் திரும்பியவர், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஏதோ மெட்டு கேட்டது. எங்கேயோ கேட்ட மெட்டாக இருந்தது. கதவைத் திறந்தார். சுண்டு கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காலி பிஸ்கட் டப்பா. அதன் வாயில் ஆறு ரப்பர் பேண்டுகள் இழுத்து மாட்டியிருந்தன.

"என்னம்மா சத்தம்?"

"ரப்பர் பேண்டு எண்ணிட்டிருந்தேன்பா."

"எத்தனை இருக்கு?"

"ஆறுப்பா."

அவர் குனிந்து எண்ணிப் பார்த்தார். ஆறுதான் இருந்தது. திருப்தியோடு கைகால் கழுவப் போனார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? 'எல்லாப் பிள்ளையும் கத்துக்கிட்டு வெளியே வந்தாச்சு, செயலாளர் பொண்ணு மட்டும் எப்படிக் கத்துக்காம இருக்கா? இதுல ஏதோ இருக்கு' என்று பிளாக்குக்குப் பிளாக் பேசினார்கள். கண்ணாடிக் கடைக்காரர் அவளுக்குத் தனியாக ஏதாவது 'சொல்லிக் கொடுக்காமல்' விடுகிறாரோ என்றுகூடச் சந்தேகம். விஷயம் தலைவரின் தூக்கம் வரை போய்விட்டது.

"செயலாளர் சார், உங்க மேல எனக்குச் சந்தேகமே கிடையாது," என்றார் தலைவர். "அதனாலதான் ஆண்டு விழா மேடையில எல்லார் முன்னாடியும் சோதிச்சிடலாம்னு பார்க்கிறேன்."

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தாராளமா. என் பொண்ணுக்கு ஒரு சுரம் தெரியும்னு யாராவது நிரூபிச்சாங்கன்னா அன்னிக்கே ராஜினாமா."

அன்று மாலை மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "அப்பா மானம் உன் கையிலதான் இருக்கு. நீ பயப்படாதே. எப்பவும் போல இரு. ஒண்ணும் தெரியாம."

சுண்டு தலையாட்டினாள். சமையலறை வாசலில் நின்ற அம்மா எதையோ சொல்ல வாயெடுத்து, கரண்டியோடு உள்ளே போய்விட்டார்.

ஆண்டு விழாவில் நாற்காலிகள் போதவில்லை. செயலாளர் அறிக்கை வாசித்தார்: இருபத்திரண்டு பேர் சேர்க்கை, இருபத்தோரு பேர் கற்றல் காரணமாக நீக்கம், ஒருவர் நல்ல நிலையில் உள்ளார். கைத்தட்டல் அடங்கியதும் சுண்டு மேடையேறினாள். சுவரோரம் கண்ணாடிக் கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கிதாரை மடியில் வைத்தாள். முன் வரிசையில் இருந்த அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாசித்தாள்.

டொய்ங். கர்ர்ர். டொப்.

முழுதாக மூன்று நிமிடம். கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு பரவசத்தில் ஆழ்ந்தது. கிதாரைத் தொட்டே பார்க்காதவன் கண்ணை மூடிக்கொண்டு மீட்டினாலும் தவறிப்போய் ஒரு நல்ல சுரம் விழுந்துவிடும். அவளிடம் அப்படி ஒன்றுகூட விழவில்லை.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். செயலாளரால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. பதினெட்டு வருடத் தொழில் அவர் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பழுதான தராசு சில நேரம் தப்பாகக் காட்டும், சில நேரம் சரியாகவும் காட்டும். ஒரு தடவைகூடச் சரியாகக் காட்டாத தராசு பழுதானதே அல்ல. நன்றாகத் தெரிந்த ஒரு கை அதைத் திருத்தி வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட தராசை அவர் எத்தனை கடைகளில் பிடித்திருக்கிறார்! பிடித்தபோதெல்லாம் வந்த சந்தோஷம் இப்போது வரவில்லை.

'சிறந்த தெரியாதவர்' சான்றிதழும், முதல் பரிசாகப் புத்தம் புதிய கிதார் ஒன்றும் தலைவர் கையால் வழங்கப்பட்டன. கிதார் தெரியாது என்பதற்குக் கிதாரைத் தவிர வேறு எதைக் கொடுப்பது?

கூட்டம் கலைந்தபோது கண்ணாடிக் கடைக்காரர் செயலாளரிடம் வந்தார். "நல்ல பொண்ணு சார். ரொம்ப நல்லா..." என்று ஆரம்பித்துச் சுற்றிலும் பார்த்தார். "ரொம்ப நல்லாத் தெரியாது," என்று முடித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் செயலாளர் மனைவியிடம் கேட்டார். "அவளுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"எனக்கு ஏழு மாசமாத் தெரியும்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

என்ன செய்திருப்பார் என்று அவருக்கே பதிவேட்டின் பக்க எண்ணோடு தெரிந்திருந்தது.

"டப்பாவுல என்ன வாசிக்கிறா தெரியுமா? நீங்க ஷேவ் பண்றப்போ முனகுவீங்களே, அதே மெட்டு. உங்களுக்கு அது பாதிதானே வரும்? மீதியை அவளே போட்டு முடிச்சு வச்சிருக்கா."

மறுநாள் காலை. செயலாளர் கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தில் நுரை பூசிக்கொண்டார். வழக்கம்போல முனகினார். பாதி வந்ததும் நிறுத்தினார். ரேசரைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். கூடத்தில் சுண்டு புதுக் கிதாரோடு உட்கார்ந்திருப்பது கண்ணாடியில் தெரிந்தது. மீதி வரவில்லை.

இன்னொரு தடவை முனகி, அதே இடத்தில் நிறுத்தினார். சுண்டுவின் விரல்கள் கம்பிக்குப் பக்கத்தில் போய், மடங்கிக்கொண்டன.

அவரால் தாள முடியவில்லை. பாதி நுரையோடு வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். வாழ்நாளில் எந்தக் கடைக்காரரிடமும் அவர் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை.

"சுண்டு, அந்த மீதியை அப்பாவுக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டும்மா. அப்பாவுக்கு மட்டும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். ரேசர்தான் இருந்தது, முத்திரை இல்லை. இருந்தாலும் மெதுவாகக் கேட்டாள்:

"சோதனையாப்பா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

பால் பொங்கியதை எட்டிப் பார்த்துவிட்டு நம்புகிறவரின் மகள் அவள். கிதாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். கட்டையை ஒரு சுரண்டு சுரண்டி, நடுவில் ஒரு இருமல் இருமினாள். பிறகு, பழக்கப்படி, புறங்கையை அவர் முன்னால் நீட்டினாள்.