வெட்டிய கட்டிலைப் பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாளின் ரத்த அழுத்தமும் அதனதன் இடத்தில் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைப் படத்தில் நீங்கள் பார்த்தது உங்கள் கட்டில்தான். ஆனால் அதன் கீழே எழுதியிருந்தது எதுவும் நிஜமில்லை. பிள்ளைகள் இருவரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். நீங்கள் அலறி அடித்துக்கொண்டு புறப்பட்டு வர வேண்டியதில்லை.

உங்கள் மருமகளும் அவளோடு படித்த ஓவியர்களும் சேர்ந்து, தேனிலவையும் கல்யாணமான புதிதையும் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்தே எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தேனிலவில் ஊரைக் கூட்டிக் காட்டுவதற்கு என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்த பழக்கம், எங்கே போனாலும் கதவு திறப்பதற்கு முன்பே போய் நிற்பேன். அன்றைக்கும் அப்படியே போய்விட்டேன். இடம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. உள்ளே ஒரு சுவர் முழுக்க தேனிலவு ஓட்டல்களின் குளியல் துண்டுகளை ஓவியமாக வரைந்து மாட்டியிருந்தார்கள். ஒரு பெண், புருஷன் முதல் வாரத்தில் விட்ட குறட்டையைப் பதிவு செய்து, காதில் மாட்டிக் கேட்க ஏற்பாடு செய்திருந்தாள். கேட்டுப் பார்த்தேன். கண்ணியமான குறட்டைதான். பயந்த மாதிரி ஒன்றுமில்லையே என்று திரும்பினால், நடுக்கூடத்தில் உங்கள் கட்டில். நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேக்கு வாங்கிக் கல்யாணத்துக்குச் செய்து கொடுத்த அதே கட்டில், நட்டநடுவே அறுபட்டு இரண்டு துண்டாக நிற்கிறது. நடுவில் ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம். ஒரு பாதியில் இரண்டு தலையணை, மறு பாதியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. விளக்க அட்டை எதுவும் இன்னும் வைக்கவில்லை.

படிக்கட்டில் மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். என்ன இது என்று கேட்டேன்.

"வேற வழி தெரியல மாமா. ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணோம். அவ கொஞ்சம் அழுதா, அப்புறம் சரியாயிட்டா. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அப்பா என்றது உங்களை. மகளிடம் ஓடினேன். அவள் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஏணி மேல் நின்றிருந்தாள். அவரை உனக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டதற்கு "ம்ம்" என்றாள். ஆணி கவ்விய வாயிலிருந்து வேறு என்ன வரும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த ஒரு மனிதர், பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதுகிறவராம், இந்த இடைவெளிதான் படைப்பின் உயிர், அந்த வாளி மனைவியின் கண்ணீர் என்று எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். இப்படி உருகி ரசிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு கலைஞர்களைப் பேசக் கூப்பிட்டார்கள். என் மகளை முந்திக்கொண்டு ஒலிபெருக்கியை நான் வாங்கிக்கொண்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. "ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க. கோபத்துல கட்டிலை அறுத்துட்டீங்க, சரி. குடும்பத்தை அறுத்துடாதீங்கப்பா. கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுல வந்து இருங்க, ரெண்டு பேருமே" என்றேன். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

மகள் வந்து என் கையைப் பிடித்தாள். "அப்பா, இந்த மாடிப்படி திரும்புற இடத்துல கட்டில் திரும்பல. அவ்வளவுதான்."

நேராக, குறுக்காக, தலைகீழாக, எப்படிச் சாய்த்தும் நுழையவில்லையாம். கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு அறுத்து மேலே ஏற்றியிருக்கிறார்கள். மறுபடி சேர்ப்பதற்கு வாங்கிய இரும்புப் பட்டை அளவு பொருந்தவில்லை. அதற்குள் திறப்பு விழா வந்துவிட்டது. அந்த வாளி கண்ணீரும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. தேனிலவுக்குப் போன மலை விடுதியில் கூரை ஒழுகியதாம், மாற்று அறை கிடைக்கவில்லையாம். அங்கிருந்த கட்டிலின் ஒரு பாதியில் வாளியை வைத்துவிட்டு, மறு பாதியில் இருவரும் ஒண்டிக்கொண்டு, விழுந்த சொட்டுக்கெல்லாம் சிரித்தே விடுமுறையைக் கழித்திருக்கிறார்கள். அவள் காட்ட நினைத்தது அதைத்தான்.

மாப்பிள்ளை தலை குனிந்தபடி என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். "கடைசி நாள் மழை நின்னுடுச்சு மாமா. ஆனா வாளியை நாங்க எடுக்கல."

சம்பந்தி, எனக்கு அதற்கு மேல் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. கீழே இறங்கிப் போய், கடை வாசலில் கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்து, ஆசை தீர மூச்சு விட்டேன். விமர்சகரிடமும் உண்மையைச் சொல்லிப் பார்த்தோம். படைத்தவர்களுக்குத் தங்கள் படைப்பு புரிவதில்லை என்று சொல்லிவிட்டு, தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டார். நீங்கள் படித்தது அதைத்தான்.

கட்டில் சரியாகிவிடும், தச்சர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே இரு குடும்பத்திலும் பூரண அமைதி நிலவுகிறது என்று தெரிவித்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், வீட்டுச் சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
போன உயிர் திரும்பி வந்த
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மலை விடுதி வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, கல்யாணமான புதிதில் என்னை எங்கே கூட்டிப் போனீர்கள் என்று கேட்டாள். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் பல் டாக்டரிடம் இரண்டு பேரும் பஸ்ஸில் போய் வந்தோமே என்று ஞாபகமாகத்தான் சொன்னேன். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை, படுக்கையையும் பின்னறைக்கு மாற்றிவிட்டாள். சமாதானம் பேசப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறார்கள். வந்ததும் அவர்களும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சம்பந்தியம்மாளை அழைத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும்.